கையில் குத்திய சிலுவை

(பாலக்கரையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



திருச்சியில் ஒருவர் எந்தச் சாமியைக் கும்பிடுகிறார் என்று தெரிந்துகொள்ள அவரிடம் பேச்சுக் கொடுக்க வேண்டியதில்லை. சத்திரம் பேருந்து நிலையத்தில் கால்மணி நேரம் நின்றால் போதும். ஸ்ரீரங்கத்திலிருந்து வருகிறவர் நெற்றியில் திருமண். திருவானைக்காவிலிருந்து வருகிறவர் நெற்றியில் திருநீறு. நத்தர்வலி தர்காவுக்குப் போகிறவர் தலையில் தொப்பி. நம் பாலக்கரைக் கிறிஸ்தவரைத்தான் கண்டுபிடிக்க முடியாது. சாம்பல் புதன் ஒருநாள் தவிர அவர் நெற்றி வெறும் நெற்றி. செபமாலை சட்டைப் பையில் இருக்கும், உத்தரியம் சட்டைக்குள் இருக்கும். நம் கத்தோலிக்கப் பெண்கள் பொட்டும் வைத்துப் பூவும் வைத்துக்கொண்டு போனால், தாலியில் சிலுவையா புறாவா என்று உற்றுப் பார்த்தால்தான் உண்டு. பெந்தெகொஸ்தே சபைச் சகோதரிகள் நகையே போடுவதில்லை. அந்த வெறுங்கழுத்தே அவர்களுக்கு அடையாளமாகிவிட்டது.

இந்த வெறும் நெற்றிக்கு ஈடுசெய்வதுபோல, கொஞ்ச காலமாக நம் பிள்ளைகளின் கைகளில் சிலுவை முளைத்து வருகிறது. மணிக்கட்டில் சின்னதாக ஒன்று, முன்கையில் முள்முடி, தோளில் சகாய மாதா. ஏனப்பா என்று கேட்டால் இரண்டு பதில்கள் வருகின்றன. ஒன்று, "நல்லா இருக்கு." அது நேர்மையான பதில், அதோடு எனக்குச் சண்டை இல்லை. இன்னொன்று, "இது என் சாட்சியம், பார்க்கிறவர்களுக்கு இயேசுவைச் சொல்கிறேன்." இன்று நான் பேச வந்தது இந்த இரண்டாவது பதிலைப் பற்றி. தோலில் குத்திய சிலுவை யாருக்காவது எதையாவது சொல்கிறதா?

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். இது மேல்நாட்டிலிருந்து வந்த கெட்ட பழக்கம் என்று பெரியவர்கள் சிலர் சொல்கிறார்கள். மெஷின் வேண்டுமானால் மேல்நாட்டிலிருந்து வந்திருக்கலாம். பச்சை நம்முடையது. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் 1906இல் வெளியிட்ட தென்னிந்திய இனவியல் குறிப்புகளிலும், 1909இல் ஏழு தொகுதிகளாக வந்த சாதிகளும் குடிகளும் பற்றிய நூலிலும் பச்சை குத்தும் குறத்திகளைப் பற்றி எழுதியிருக்கிறார். மை செய்யும் பக்குவம் தெரியுமா? மஞ்சள்தூளையும் அகத்திக்கீரையையும் சேர்த்து அரைத்துத் துணியில் தடவித் திரியாக உருட்டுவார்கள். ஆமணக்கெண்ணெய் விளக்கில் அதை எரித்து, மேலே சட்டியைக் கவிழ்த்து வைப்பார்கள். சட்டியில் படிந்த கரியைச் சுரண்டித் தண்ணீரிலோ தாய்ப்பாலிலோ குழைத்தால் அதுதான் மை. நாலைந்து ஊசிகளைச் சேர்த்து நூலால் கட்டினால் அதுதான் கருவி. வலி தெரியாமலிருக்கக் குறத்தி பாடிக்கொண்டே குத்துவாள். கூலி அரிசியாகவோ பழைய துணியாகவோ இருக்கும்.

அந்தக் குறத்தி சாதி பார்த்துக் கோலம் போட்டிருப்பாள், சமயம் பார்த்து ஊசியை மாற்றியதில்லை. பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குத் தேளும் கோலமும் குத்திய அதே ஊசிதான் நம் வீட்டுப் பெண்ணுக்குச் சிலுவை குத்தியது. திருச்சி, புதுக்கோட்டை, தஞ்சைப் பக்கத்துக் கிராமங்களில் சில மூதாட்டிகளின் முன்கையில் அந்தச் சிலுவையை இன்றும் பார்க்கலாம். ஓரம் கலங்கி, பச்சை நீலமாகி, சுருக்கத்துக்குள் பாதி ஒளிந்திருக்கும். நகையெல்லாம் செத்தபிறகு கழற்றிவிடுவார்கள், பச்சை ஒன்றுதான் கூட வரும் என்று சொல்லிக் குத்திக்கொண்ட தலைமுறை அது. அவர்கள் யாருக்கும் சாட்சி சொல்வதற்காகக் குத்திக்கொள்ளவில்லை. மேலுலகத்தில் தம்மை அடையாளம் தெரிய வேண்டும் என்பதற்காகக் குத்திக்கொண்டார்கள். நினைவில் வையுங்கள், பிறகு இதற்கு வருகிறேன்.

ஆற்றைத் தாண்டி ஸ்ரீரங்கத்துக்கு ஒரு நடை போய்விட்டு வருவோம். வைணவர்களுக்குப் பஞ்ச சம்ஸ்காரம் என்று உண்டு. அதில் முதலாவது, ஹோமத் தீயில் காய்ச்சிய சங்கையும் சக்கரத்தையும் ஆசாரியர் சீடனின் தோள்களில் ஒற்றுவது. வலத்தோளில் சக்கரம், இடத்தோளில் சங்கு. திருப்பல்லாண்டில் பெரியாழ்வாரே இதைப் பேசுகிறார் என்றால் இதன் பழமையைப் பார்த்துக்கொள்ளுங்கள். எனக்கு இதில் பிடித்த விஷயம் என்னவென்றால், திருமண் ஊருக்குத் தெரியும், தோள்பொறி ஊருக்குத் தெரியாது, மேலாடை மூடிவிடும். ஒரே உடம்பில் காட்டும் குறி ஒன்று, காட்டாத குறி ஒன்று. ஊருக்குச் சொல்வது வேறு, உடையவனுக்குச் சொல்வது வேறு என்று அவர்கள் பிரித்து வைத்துவிட்டார்கள். நம் பிள்ளைகள் இரண்டையும் ஒரே மணிக்கட்டில் வைக்கப் பார்க்கிறார்கள்.

உடம்பின்மேல் உள்ள குறி எவ்வளவு பெரிய தகராறு என்பது நம் மறைப்பணி வரலாற்றுக்கு நன்றாகத் தெரியும். 1606இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நோபிலி, பூணூல், குடுமி, சந்தனம் எல்லாம் சமுதாய வழக்கங்கள், இவற்றை விடாமலே ஒருவன் கிறிஸ்தவனாகலாம் என்றார். கூட இருந்த பாதிரிமார்களே அவர்மேல் புகார் எழுதினார்கள். வழக்கு ரோம் வரை போனது. 1623இல் பாப்பரசர் பதினைந்தாம் கிரகோரி நோபிலியின் பக்கம் தீர்ப்பளித்தார். 1703இல் புதுச்சேரிக்கு வந்த பாப்பரசரின் தூதர் துர்நோன் அடுத்த ஆண்டு அதில் பலவற்றைத் தடை செய்தார். 1744இல் பதினான்காம் பெனடிக்ட் அந்தத் தடைகளை உறுதிசெய்தார். நெற்றியில் என்ன பூசலாம் என்று தீர்மானிக்க நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று! நம் வெறும் நெற்றியின் பின்னால் இத்தனை கதை இருக்கிறது.

இனி வெளியூர்க் கைகளைப் பார்ப்போம். கிறிஸ்தவப் பச்சை என்றால் முதலில் நினைக்க வேண்டியது எகிப்தின் காப்டிக் கிறிஸ்தவர்களை. வலது மணிக்கட்டின் உட்புறத்தில் சின்னச் சிலுவை. குழந்தைப் பருவத்திலேயே குத்திவிடுவார்கள். கோயில் வாசலில் காவலர் கையைத் திருப்பிப் பார்த்து உள்ளே விடுவதும் உண்டு. அங்கே அந்தக் குறி அடையாள அட்டை. வேலையில், தெருவில், கலவரத்தில் அதற்கு விலை கொடுக்க வேண்டியிருக்கும் என்று தெரிந்தேதான் பெற்றோர் குத்துகிறார்கள். 2015 பிப்ரவரியில் லிபியாவின் கடற்கரையில் 21 கிறிஸ்தவத் தொழிலாளிகள் கழுத்தறுத்துக் கொல்லப்பட்டார்கள். இருபது பேர் எகிப்தியர், ஒருவர் கானா நாட்டவர். கூலி வேலைக்குப் போன ஏழைகள். 2023இல் பாப்பரசர் பிரான்சிஸ் அவர்கள் பெயர்களைக் கத்தோலிக்கத் திருச்சபையின் மறைசாட்சிகள் பட்டியலில் சேர்த்தார்.

எருசலேமில் ரஸ்ஸூக் என்று ஒரு காப்டிக் குடும்பம் இருக்கிறது. 700 ஆண்டுகளாகப் பச்சை குத்துவதே தொழில் என்கிறார்கள். எகிப்திலிருந்து வந்து, பழைய நகரத்தில் இன்றும் கடை நடத்துகிறார்கள். ஒலிவ மரத்தில் செதுக்கிய அச்சுகள் தலைமுறை தலைமுறையாக வந்தவை. அச்சை மையில் தோய்த்துக் கையில் ஒற்றி, அந்தக் கோட்டின்மேல் ஊசி ஓட்டுவார்கள். திருப்பயணம் முடித்தவர்கள் சிலுவையோடு ஆண்டையும் குத்திக்கொண்டு ஊர் திரும்புவார்கள். 1612இல் வில்லியம் லித்கோ என்ற ஸ்காட்லாந்துப் பயணி எருசலேமில் குத்திக்கொண்டு வந்ததை எழுதியிருக்கிறார். 1862இல் இங்கிலாந்தின் இளவரசர், பிற்காலத்து ஏழாம் எட்வர்ட், அங்கே எருசலேம் சிலுவையைக் கையில் குத்திக்கொண்டார். பச்சை குத்துவது காட்டான்களின் வேலை என்று நம்மை ஆண்டவர்கள் எழுதிக்கொண்டிருந்த காலத்தில் அவர்களுடைய ராஜாவின் கையிலேயே பச்சை இருந்தது என்பது எனக்குச் சின்ன சந்தோஷம்.

எத்தியோப்பியாவில், எரித்ரேயாவில், பெண்கள் நெற்றியிலேயே சிலுவை குத்திக்கொள்வார்கள். பொஸ்னியாவில் துருக்கியர் ஆட்சியின்போது கத்தோலிக்கப் பெண்கள் கை, விரல், மார்பெல்லாம் சிலுவையும் வளையங்களுமாகக் குத்திக்கொண்டார்கள். அவர்களுடைய மை எது தெரியுமா? கரி, தேன், தாய்ப்பால். தாய்ப்பாலில் குழைத்த கரியை நம் குறத்தியும் எடுத்தாள், அந்த மலைநாட்டுக் கிழவியும் எடுத்தாள். ஒருவர் இருப்பதே மற்றவருக்குத் தெரியாது.

இத்தனை இடங்களிலும் சிலுவை யாரைப் பார்த்துப் பேசியது? புறச்சமயத்தாரை அழைக்க எவரும் குத்திக்கொள்ளவில்லை. காப்டிக் தாய் தன் பிள்ளை தொலைந்துபோகாமலிருக்கக் குத்தினாள். பயணி தன் பயணத்துக்குச் சான்றாகக் குத்திக்கொண்டான். நம் பாட்டி மேலுலகத்துக்காகக் குத்திக்கொண்டாள். பச்சையை நற்செய்தி அறிவிப்பாகப் பார்ப்பது மிகப் புதிய எண்ணம். அமெரிக்க சபைகளிலிருந்து இணையம் வழியாக நம் பிள்ளைகளுக்கு வந்தது என்று நினைக்கிறேன். அங்கே அதற்குக் காரணம் இருக்கலாம். ஒரு வசனத்தைக் குத்திக்கொண்டு காபிக் கடையில் நின்றால், "இது என்ன?" என்று யாராவது கேட்பார்கள், பேச்சு தொடங்கும். இங்கே யார் கேட்பார்கள்? 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் கிறிஸ்தவர்கள் 6.12 விழுக்காடு. மலைக்கோட்டை மேலிருந்து பார்த்தாலே லூர்து மாதா கோயில் கோபுரம் தெரிகிற ஊர் இது. சிலுவை என்றால் என்ன என்று காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவருக்கும் தெரியும். தெரிந்ததைப் பற்றி எவரும் கேட்பதில்லை.

சரி, கேட்கட்டும் என்று சிலர் எபிரேய எழுத்தில் கடவுள் பெயரைக் குத்திக்கொள்கிறார்கள். தம்பி, அதை நீயும் வாசிக்க மாட்டாய், பேருந்தில் பக்கத்தில் நிற்கிறவரும் வாசிக்க மாட்டார். எழுத்து தலைகீழாக இருந்தாலும் பாலக்கரையில் ஒருவருக்கும் தெரியப் போவதில்லை. ஊருக்குச் சொல்லத்தான் குத்தினேன் என்றால் ஊர் படிக்கும் எழுத்தில் அல்லவா குத்தியிருக்க வேண்டும்?

நடமாடும் துண்டுப்பிரசுரம் என்று இதை ஒரு நண்பர் புகழ்ந்தார். எனக்கு ஒப்பவில்லை. துண்டுப்பிரசுரத்தை வாங்கியவர் மடித்துப் போட்டுவிட்டுப் போகலாம். கொடுத்தவரும் நாளைக்குக் கொடுக்காமல் இருக்கலாம். பச்சையை யாரும் மடித்துப் போட முடியாது. அது பார்க்கிறவரைவிடச் சுமக்கிறவரைத்தான் அதிகம் பிடித்து வைத்திருக்கிறது.

விவிலியம் என்ன சொல்கிறது என்று கேட்பீர்கள். லேவியர் 19ஆம் அதிகாரம் 28ஆம் வசனம் தடுக்கிறது; உண்மை. செத்தவர்களுக்காக உடம்பைக் கீறிக்கொள்ளும் புறவினத்து வழக்கத்தோடு சேர்த்துத்தான் அங்கே பேசப்படுகிறது. அதே அதிகாரம் தாடி ஓரத்தை மழிப்பதையும், இருவகை நூல் கலந்து நெய்த துணியையும் தடுக்கிறது. அதைச் சொல்லிப் பிரசங்கம் செய்பவரின் சட்டை பாலியஸ்டர் கலந்த பருத்தியாக இருந்தால் நான் பொறுப்பல்ல. மறுபக்கம், ஏசாயா 44இல் ஒருவன் ஆண்டவருக்கு உரியவன் என்று தன் கையில் எழுதிக்கொள்கிறான். 49இல் கடவுளே தம் உள்ளங்கையில் தம் மக்களைப் பொறித்திருப்பதாகச் சொல்கிறார். இயேசுவின் அடையாளங்களைத் தம் உடலில் தாங்கியிருப்பதாகக் கலாத்தியருக்கு எழுதிய திருமுகத்தின் முடிவில் பவுல் சொல்கிறார். அவர் சொன்னது சாட்டையடித் தழும்புகளை, ஊசிக்குறியை அல்ல. விலங்கின் முத்திரை வலக்கையிலோ நெற்றியிலோ இடப்படும் என்று பயமுறுத்தும் திருவெளிப்பாடு, அடுத்த அதிகாரத்திலேயே கடவுளின் பெயரை நெற்றியில் தாங்கியவர்களைக் காட்டுகிறது. ஆகவே வசனத்தைக் கொண்டு இந்த வழக்கை முடிக்க முடியாது. 2018 மார்ச்சில் ரோமில் இளைஞர்களோடு பேசிய பாப்பரசர் பிரான்சிஸ், பச்சையைக் கண்டு பயப்பட வேண்டாம், எரித்ரேயக் கிறிஸ்தவர்களின் நெற்றிச் சிலுவையை நினைத்துப் பாருங்கள் என்ற பொருளில் குருமாணவர் ஒருவருக்குப் பதில் சொன்னார். நம் பங்குத்தந்தையர் அந்த அளவுக்காவது தளர்ந்து கொடுக்கலாம்.

எனக்கு இந்த விஷயத்தில் வழிகாட்டுபவர் புனித அகுஸ்தீனார். ரோமைப் படைவீரர்களுக்கு உடம்பில் குறி போடுவார்கள். படையை விட்டு ஓடிப்போனவன் உடம்பிலும் அந்தக் குறி இருக்கும். அவன் திரும்பி வந்தால் மறுபடி குறி போடுவதில்லை, பழைய குறியே போதும். ஞானஸ்நானமும் அப்படித்தான், ஒருமுறை பெற்றது பெற்றதுதான் என்று தொனாத்திஸ்துகள் என்ற பிரிவினைக் குழுவினரோடு வாதாடும்போது அவர் சொன்னார். ஞானஸ்நானம், உறுதிபூசுதல், குருப்பட்டம் மூன்றும் ஆன்மாவில் அழியாத முத்திரை பதிக்கின்றன என்று திருச்சபை இன்றும் கற்பிக்கிறது. இதைப் படித்ததும் எனக்கு எம்.ஜி.ஆர். நினைவுக்கு வந்தார். சிரிக்காதீர்கள். 1970களில் தம் கட்சிக்காரர்கள் கட்சிக்கொடியைக் கையில் பச்சை குத்திக்கொள்ள வேண்டும் என்றார். கட்சிக்குள்ளேயே எதிர்ப்புக் கிளம்பியது. குத்திக்கொண்டவர்களில் எத்தனையோ பேர் பிறகு வேறு கட்சிக்குப் போனார்கள். வேட்டிக்கரையை மாற்றிவிடலாம், கையை என்ன செய்வது? முழுக்கைச் சட்டைதான். விசுவாசம் ஏறி இறங்கும், மை இறங்காது. இருபது வயதில் குத்திய சிலுவை, நாற்பது வயதில் ஒருவன் கோயில் பக்கமே போகாதபோதும் அங்கேதான் இருக்கும். அது அவனை உறுத்துமா, கூப்பிடுமா என்பது அவனுக்கும் ஆண்டவருக்கும் இடையிலான சங்கதி.

எகிப்தில்தான் சிலுவைக்கு விலை உண்டு, இங்கே இலவசம் என்று நினைத்துவிடாதீர்கள். 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணையின்படி கிறிஸ்தவராக மாறிய தலித்துக்குப் பட்டியல் சாதி உரிமை இல்லை. சீக்கியருக்கு 1956இலும் பௌத்தருக்கு 1990இலும் கிடைத்தது, கிறிஸ்தவருக்கு இல்லை. தமிழ்நாட்டில் ஒரு பெண் மருத்துவரின் சாதிச் சான்றிதழை அதிகாரிகள் ரத்து செய்தார்கள். சொன்ன காரணங்களில் ஒன்று, அவருடைய மருத்துவமனைச் சுவரில் சிலுவை மாட்டியிருந்தது என்பது! 2021இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்த ரத்து உத்தரவைத் தள்ளுபடி செய்தது. சுவரில் மாட்டிய சிலுவையே சாட்சியாக எடுக்கப்பட்ட நாட்டில், தோலில் ஏறிய சிலுவையை எப்படிப் படிப்பார்கள் என்று யோசியுங்கள். நான் பயமுறுத்தவில்லை. இந்த ஊரிலும் சிலுவையைச் சுமப்பது எல்லோருக்கும் ஒரே எடை அல்ல என்று சொல்கிறேன்.

இன்னும் பக்கத்தில் வருவோம். இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் மேலப்புதூர். அங்கே கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் தலித் கிறிஸ்தவர்களின் கல்லறைகளைப் பிரித்து நின்ற சுவர் 2010இல் நாடு முழுதும் செய்தியானது. சுவருக்கு இந்தப் பக்கம் புதைக்கப்பட்ட கையிலும் சிலுவை, அந்தப் பக்கம் புதைக்கப்பட்ட கையிலும் சிலுவை. சிலுவை குத்தும்போது குறத்தியின் ஊசி பார்க்காத வித்தியாசத்தை நம் கொத்தனார் பார்த்துக் கட்டியிருக்கிறார். நம் விசுவாசத்தை வெளியிலிருந்து பார்ப்பவர்கள் அந்தச் சுவரைத்தான் முதலில் வாசித்தார்கள். யாருடைய முன்கையையும் வாசிக்கவில்லை. சாட்சியம் என்ற சொல்லை வாயில் எடுக்கும் முன் மேலப்புதூர் வரை ஒருமுறை நடந்துவிட்டு வரலாம்.

ஆகவே என் தீர்ப்பு இது. பச்சை ஒரு பிரசங்கம் அல்ல, ஒரு சத்தியம். சத்தியமாக நினைத்துக் குத்திக்கொள்கிறவனைத் தடுக்க எனக்கு மனமில்லை. பிரசங்கமாக நினைத்துக் குத்திக்கொள்கிறவனிடம், அந்த வேலையை அது செய்யாது என்று சொல்வேன்.

தம்பிகளுக்குச் சில நடைமுறை விஷயங்கள். ரத்ததானம் செய்கிறவர்கள் கவனியுங்கள், குத்திக்கொண்டபின் ஓராண்டு ரத்தம் கொடுக்க முடியாது. மத்திய ஆயுதக் காவல் படைகளுக்கு உடல்தகுதித் தேர்வுக்குப் போகும் எண்ணம் இருந்தால், சமயக் குறி இருக்கலாம், ஆனால் இடது முன்கையின் உட்புறத்தில் அல்லது புறங்கையில், அந்தப் பகுதியின் கால்வாசிக்கும் குறைவாக இருக்க வேண்டும் என்பது விதி. வலக்கை சல்யூட் அடிக்கும் கை. அதில் குத்திக்கொண்டு போய் நிற்காதீர்கள். புதிய ஊசியை உங்கள் கண்ணெதிரே பிரிக்காத கடையில் கையை நீட்டாதீர்கள். 2024 டிசம்பரில் இதே ஊரில் நாக்கைப் பிளந்துவிட்டதற்காக இருவர் கைதாகி ஒரு டாட்டூக் கடைக்கு சீல் வைக்கப்பட்டதை மறந்திருக்க மாட்டீர்கள். பிடிக்காவிட்டால் லேசரில் எடுத்துவிடலாம் என்று கடைக்காரர் சொல்வார். பல தடவை போக வேண்டும், செலவு குத்தியதைவிடப் பல மடங்கு, அப்படியும் தடம் நிற்கும். பெற்றோருக்கு ஒன்று: நேர்ச்சை என்று சொல்லித் திருவிழாக் கடையில் சின்னப் பிள்ளையின் கையை நீட்டாதீர்கள். எகிப்துத் தாய்க்கு இருக்கும் காரணம் உங்களுக்கு இல்லை. பதினெட்டு வயதானபின் அவனே முடிவு செய்யட்டும்.

கடைசியாக உங்கள் எல்லோரிடமும் ஒரு வேண்டுகோள். எருசலேமின் அச்சுகளைப் பற்றியும் பொஸ்னியப் பெண்களின் கைகளைப் பற்றியும் ஆய்வாளர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். நம் பாட்டிகளின் கைகளைப் பற்றிக் கிறிஸ்தவர்களாகிய நாம் எழுதி வைக்கவில்லை. அந்தத் தலைமுறையில் மிஞ்சியிருப்பவர்கள் கொஞ்சம் பேர். உங்கள் வீட்டில், உங்கள் பங்கில், முன்கையில் பச்சைச் சிலுவையோடு ஒரு மூதாட்டி இருந்தால், அனுமதி கேட்டு அந்தக் கையைப் படம் எடுங்கள். எந்த ஊரில், எந்தத் திருவிழாவில், யார் குத்தினார்கள், என்ன கூலி, ஏன் குத்திக்கொண்டார் என்று கேட்டு, அவர் சொன்ன சொற்களிலேயே எழுதி, தேதி போட்டு, ஞானஸ்நானப் பதிவேடு இருக்கும் அதே அலமாரியில் பங்குத்தந்தையிடம் சொல்லி வையுங்கள். இந்த வாரமே தொடங்குங்கள்.